ஏழை என்பவர் யார்? வறுமையை அளக்கும் கோலும் மலாக்காத் தோட்டங்களும்

2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மலேசிய நாட்டு வறியவர்களின் தொகை திடீரெனப் பெருகியது. அதற்கு முன் அரசாங்கம் வெளியிட்டிருந்த 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு 0.4 குடும்பங்களே வறுமையில் இருந்தன. அஃதாவது நாடு முழுவதிலும் ஏறத்தாழ 25 ஆயிரம் குடும்பங்கள். புதிய கணக்கு வெளிவந்தபோதோ, 2019-ஆம் ஆண்டுக்குரிய விகிதம் 5.6 விழுக்காடு என்றும், வறிய குடும்பங்கள் 4 இலட்சத்துக்கு மேல் என்றும் கூறப்பட்டது. இடைக்காலத்தில் நாட்டிலே பஞ்சம் ஏதும் தோன்றவில்லை. பெருந்தொற்றும் இதற்குக் காரணமன்று. கணக்கு அதற்கு முந்திய ஆண்டினது. எவர் வீட்டு அரிசிப் பானையும் புதிதாகக் காலியாகிவிடவில்லை. மாறியது அளக்கும் கோல் ஒன்றே. மாதம் 980 ரிங்கிட்டுக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பமே ஏழைக் குடும்பம் என்றிருந்த எல்லை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அதே புதிய கோலைக் கொண்டு 2016-ஆம் ஆண்டைத் திரும்ப அளந்து பார்த்தால் 7.6 விழுக்காடு என்று வருகின்றது. ஆகவே பழைய கோலுக்கு வறுமை அற்றேபோன நாடு, புதிய கோலுக்கு வறுமை மெல்லக் குறைந்துவரும் நாடு. இரண்டும் ஒரே நாடுதான்.

தமிழில் வறுமையைக் குறிக்கும் சொற்கள் பல. நல்குரவு, மிடி, இலம்பாடு என்பன அவற்றுட் சில. அவற்றுள் 'இன்மை' என்னும் சொல் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. இன்மை என்றால் இல்லாமை. எது இல்லாமை என்ற வினாவை அச்சொல் உடனே எழுப்பிவிடுகின்றது. சோறா, துணியா, கூரையா, கல்வியா, நாலுபேர் நடுவே தலைநிமிர்ந்து நிற்கும் தகுதியா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலத்தாரும் ஒவ்வொரு நாட்டாரும் வேறு வேறு விடை கூறியுள்ளனர். அவ்விடைகளின் வரலாற்றிலே மலாக்காவின் பால்மரக் காடுகளுக்கும் அங்கு உழைத்த தமிழர்க்கும் ஓர் இடமுண்டு.

கப்பற் சோறும் சிறைச் சோறும்

வறுமைக்கு எண்ணால் எல்லை கட்ட முயன்றோருள் முன்னவர் ஒருவர் இந்தியரே. தாதாபாய் நௌரோஜி 1876-இல் 'இந்தியாவின் வறுமை' பற்றிய தம் கட்டுரையைப் பம்பாயில் படித்தார். ஓர் இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று அவர் கணக்கிட்டார். அது போதுமா, போதாதா என்று எவ்வாறு தீர்மானிப்பது? அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்கள் இரண்டு. ஒன்று, சிறைக் கைதி ஒருவனுக்கு உணவும் உடையும் கொடுக்க அரசாங்கம் செலவிட்ட தொகை. மற்றொன்று, கடல் கடந்து கூலி வேலைக்குச் செல்வோர்க்குக் கப்பலிலே கொடுக்கவேண்டும் என அரசாங்க மருத்துவ அதிகாரி வகுத்த உணவுப் பட்டியல். கப்பலில் வேலையின்றி அமர்ந்திருப்பவனுக்கு வேண்டிய அந்தச் சோறு அளவுகூட, தரையில் நாள் முழுதும் உழைப்பவனுக்குக் கிட்டவில்லை என்று அவர் காட்டினார். சிறைக்குள்ளே இருப்பவன் வெளியே இருப்பவனைவிட நன்றாக உண்கின்றான் என்பதே அக்கணக்கின் முடிவு.

மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழரின் பாட்டனும் பாட்டியும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிய கப்பல்களும் இதே வகைச் சட்டங்களுக்கு உட்பட்டவையே. உலகின் முதல் வறுமைக் கோடுகளுள் ஒன்று கூலிக் கப்பலின் சமையலறையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

நௌரோஜிக்குப் பின் கால் நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் சீபோம் ரவுன்றி என்பவர், தம் ஊராகிய யார்க் நகரத்திலே தொழிலாளர் வீடுகளை 1899-இல் வீடுவீடாக ஆராய்ந்து, 1901-இல் நூலாக வெளியிட்டார். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பம் உடல் வலிமை குன்றாமல் உயிர் வாழ வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று கண்டார். இதில் வண்டிச் சத்தத்துக்கு இடமில்லை, செய்தித்தாளுக்கு இடமில்லை, கோயிலுக்குக் காணிக்கை போடவும் இடமில்லை. இவ்வளவு கடுமையான எல்லை வைத்தும் நகர மக்களுள் நூற்றுக்கு 28 பேர் வறுமையில் இருந்தனர். சோம்பேறிகள் மட்டுமே ஏழைகள் என்று நம்பியிருந்த சீமாட்டிகளும் சீமான்களும் அந்நூலைப் படித்துத் திடுக்கிட்டனர். முழுநேர வேலை செய்தும் கூலி போதாமையால் ஏழையாய் இருப்போரே பலர் என்பது அதனால் வெளிப்பட்டது.

ரவுன்றி அந்த 28 பேரையும் இரு கூறாகப் பிரித்தார். ஏறத்தாழ 10 பேர் முதல்நிலை வறுமையினர். வருமானம் முழுவதையும் சிக்கனமாகச் செலவிட்டாலும் அவர்க்குப் போதாது. மற்ற 18 பேர் இரண்டாம்நிலை வறுமையினர். வருமானம் எண்ணளவில் போதும், ஆனால் அதில் ஒரு பகுதி வேறு வழியில் போய்விடுகின்றது. மது அவ்வழிகளுள் முதன்மையானது என்றார்.

தோட்டப்புறத் தமிழர்க்கு இப்பிரிவினை புதிதன்று. சம்பள நாளன்று கிராணியின் மேசையிலிருந்து தோட்டத்துக் கள்ளுக்கடை வரையிலுள்ள தூரத்தை அறியாத குடும்பம் அக்காலத்தில் ஏது? அந்தக் கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஆயினும் ரவுன்றியின் பெயரைச் சொல்லி, 'இவர்கள் குடித்துக் கெட்டவர்கள்' என்று முடிவு கட்டுவோர் அவரை முழுதும் படித்தவரல்லர். குடியும் சூதும் பெரும்பாலும் வறிய வாழ்க்கைச் சூழலின் விளைவுகளே என்று அவர் எழுதியுள்ளார். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வாளி சுமந்து, லயத்தின் ஒற்றை அறைக்குத் திரும்பும் ஒருவனுக்கு வேறு பொழுதுபோக்கு எதனைத் தோட்டம் வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

ஐம்பது காசுக் கணக்கு

மலாயாவில் ரப்பர் வாணிகப் பயிராகக் காலூன்றியது மலாக்காவிலேயாகும். 1890-களின் நடுவில் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கிலே ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் உண்டாயிற்று. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங், காடேக் என்று பால்மரம் பரவிய இடமெங்கும் தமிழரின் லயங்களும் மாரியம்மன் கோயில்களும் பின்தொடர்ந்தன. இன்றும் மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளுட் பல, தோட்டப் பெயரைத் தாங்கியே நிற்கின்றன.

இத்தொழிலாளியின் கூலி எவ்வளவு இருக்கவேண்டும் என்று முடிவு செய்ய, அவனுடைய மாதச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கம் 1920-களில் வந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்டார். அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், துணி என்று பட்டியல் போட்டு விலை பார்த்து, நியமச் சம்பளம் என ஒன்றை வகுத்தனர். அப்பதத்தின்மேல் எழுந்த தொகையே ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது. வறுமைக் கோடு என்ற பெயர் அதற்கு அன்று இல்லை. ஆனால் அது செய்த வேலை வறுமைக் கோட்டின் வேலைதான்: இதற்குக் கீழே போனால் மனிதன் வாழ முடியாது என்று ஒரு கோடு.

அந்தக் கோடு எத்துணை உறுதியானது என்பதை 1930-களின் மந்தம் காட்டிவிட்டது. ரப்பர் விலை வீழ்ந்ததும் நியமச் சம்பளமும் வீழ்ந்தது. தொழிலாளியின் வயிறு சுருங்கிற்றோ இல்லையோ, பட்டியல் சுருங்கிற்று. 1936-37-இல் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, 1937-இல் வெளியான தம் அறிக்கையில் 50 காசு, 40 காசு என்ற பழைய விகிதத்தைத் திரும்ப நிலைநாட்டவேண்டும் என்றார். மற்றபடி அவர் அறிக்கை தோட்ட முதலாளிமார்க்கு மிகவும் மென்மையாக இருந்தது என்ற குறை அன்றே எழுந்தது, குறை நியாயமானதே. 1938-இல் கூலியை மீண்டும் குறைக்க முற்பட்டபோது இந்திய அரசாங்கம், உதவி பெற்றுக் குடிபெயரும் கூலித் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது கணக்கருடைய வேலையாகத் தோன்றினும் உண்மையில் அது வழக்காடுதல். தனி ஆளின் தேவையை வைத்தா, மனைவி மக்கள் கொண்ட குடும்பத்தின் தேவையை வைத்தா? ஊருக்கு அனுப்பும் பணம் தேவையா, ஆடம்பரமா? பட்டியல் எழுதும் கை முதலாளியின் கையாக இருந்தால் கோடு கீழே நிற்கும். தொழிலாளியின் கையாக இருந்தால் மேலே நிற்கும். இன்றைய வறுமைக் கோடுகளுக்கும் இது பொருந்தும்.

உலகம் வைத்திருக்கும் கோல்கள்

அமெரிக்காவில் மாலி ஓர்ஷான்ஸ்கி என்னும் அரசாங்க ஆராய்ச்சியாளர் 1963-64-இல் எளிய முறை ஒன்றைக் கண்டார். அந்நாட்டுக் குடும்பங்கள் தம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன என்று 1955-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியிருந்தது. எனவே மிக மலிவான உணவுத் திட்டத்தின் விலையை மூன்றால் பெருக்கினால் வறுமைக் கோடு கிடைக்கும் என்றார். உணவின் பங்கு காலப்போக்கில் குறைந்து வீட்டு வாடகையும் மருத்துவமும் ஏறிவிட்டன. ஆனால் விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதன்றி அடிப்படைக் கணக்கு பெரிதும் மாறாமலே அந்நாட்டில் நிலைத்துவிட்டது. இந்தியாவில் தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971-இல் நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவை அடிப்படையாகக் கொண்டனர். பின்னர் 1979-இல் கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 என்று வகுக்கப்பட்டது.

உலக வங்கியின் கோல் யாவரும் அறிந்தது. நாளொன்றுக்கு ஒரு டாலர் என்று 1990-இல் தொடங்கிய அது, 2008-இல் 1.25, 2015-இல் 1.90, 2022-இல் 2.15 என்று ஏறி, 2025 ஜூனில் 3 டாலர் ஆயிற்று. இந்த டாலர் பணமாற்றுக் கடையில் கிடைக்கும் டாலர் அன்று. நியூயார்க்கில் ஒரு கோப்பைத் தேநீர் வாங்கும் காசில் மலாக்காவில் நாலு பேர் ரொட்டி சானாய் உண்டு பசியாறலாம். ஆகையால் ஒவ்வொரு நாட்டின் விலைவாசியையும் ஒப்பிட்டு, ஒரே அளவு பொருள் வாங்கும் ஆற்றலுள்ள கற்பனை டாலர் ஒன்றை வகுத்துள்ளனர். கோடு ஏறிக்கொண்டே போவதால் வங்கி தாராளமாகிவிட்டது என்று எண்ணலாகாது. பெரும்பகுதி விலைவாசித் திருத்தமே. ஒரு பகுதி, ஏழை நாடுகள் தாமே தம் கோடுகளை உயர்த்திக்கொண்டமையால் வந்தது. இக்கோட்டுக்குக் கீழே உலகில் 80 கோடிக்கு மேற்பட்டோர் இருக்கின்றனர். மலேசியாவில் ஏறத்தாழ எவருமில்லை. உலகக் கோலைக் கொண்டு மலேசியத் தமிழனை அளந்தால் அவன் செல்வன். அந்தக் கோல் ஆப்பிரிக்கப் பஞ்ச நாடுகளுக்கு வகுத்தது, ஜாசினுக்கு வகுத்ததன்று.

மலேசியக் கோட்டின் கதை

மலேசியா 1970-களில் தன் சொந்தக் கோட்டை வகுத்துக்கொண்டது. தீபகற்ப மலேசியாவில் 1970-இல் நூற்றுக்கு 49.3 குடும்பங்கள் ஏழைகள் என்று அன்று கணக்கிடப்பட்டது. இன வாரியாக மலாய்க்காரர் 64.8, இந்தியர் 39.2, சீனர் 26 விழுக்காடு. தொழில் வாரியாகப் பார்த்தால் நெல் விவசாயிகளுள் 88 விழுக்காட்டினரும், தோட்டத் தொழிலாளருள் 40 விழுக்காட்டினரும் ஏழைகள்.

இவ்வெண்களைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். 'இந்தியர்' என்ற ஒரே பெட்டிக்குள் காஜா பெராங் கம்போங் செட்டியில் ஐந்து நூற்றாண்டாக வாழ்ந்துவரும் மலாக்காச் செட்டிகளும், நகரத்துத் துணிக்கடைக்காரரும், அரசாங்க உத்தியோகத்தரும், ஆசகான் லயத்தில் பால் வெட்டியவரும் அடங்குவர். சராசரி என்பது இவர்களுள் எவரையும் குறிப்பதன்று. மேலும் நெல் விவசாயியின் வறுமை நிலமுள்ளவனின் வறுமை. தோட்டத் தொழிலாளியின் வறுமை வேறு. அவன் உண்ணும் தட்டுக்கும் படுக்கும் பாய்க்கும் மேலே உள்ள கூரை கூட அவனுடையதன்று.

இன்று வழங்கும் மலேசிய முறை, உணவுக்கு ஒரு கூறும் உணவல்லாதவற்றுக்கு ஒரு கூறுமாக அமைந்தது. 2019-ஆம் ஆண்டுக் கோடாகிய 2,208 ரிங்கிட்டில் 1,169 ரிங்கிட் உணவுக்கு. இவ்வுணவுக் கூறுக்கும் கீழே வருமானம் உள்ளவர் கடும் ஏழைகள். கோடு எல்லார்க்கும் ஒன்றன்று. குடும்பத்தில் எத்தனை பேர், அவர் வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த மாநிலம், நகரமா கிராமமா என்று பார்த்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக்கோடு கணக்கிடப்படும். செய்தித்தாள்களில் வரும் எண் அவற்றின் சராசரியே. அது 2022-இல் 2,589 ஆகவும், 2024-இல் 2,705 ஆகவும் உயர்ந்தது. அவ்வாண்டுகளின் வறுமை விகிதம் முறையே 6.2, 5.1. மலாக்கா மாநிலத்தின் 2019-ஆம் ஆண்டு விகிதம் 3.9. அதே ஆண்டில் சபாவில் 19.5.

பழைய 980 ரிங்கிட் எவ்வாறு நெடுநாள் நின்றது என்பது வியப்புக்குரியது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் சார்பில் கடும் வறுமையை அப்போது ஆராய்ந்துவந்த பிலிப் ஆல்ஸ்டன் 2019 ஆகஸ்டில் மலேசியா வந்து, நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 ரிங்கிட்டே என்று சுட்டிக்காட்டினார். அரசாங்கம் முதலில் மறுத்தது. மறுத்த அதே கோட்டை அடுத்த ஆண்டே இரட்டிப்புக்கு மேல் உயர்த்தியது.

லயத்து வீட்டின் விலை என்ன?

தோட்டத்தை விட்டு நகரம் சென்ற குடும்பங்களின் கதையில்தான் வருமானக் கோட்டின் குறை நன்கு விளங்கும். 1950-களில் தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அத்துண்டாடலின் கேட்டைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1980, 90-களில் வேறு வகை மாற்றம் வந்தது. ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டனர். செம்பனையும் வேண்டாமென்று வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுப்பினர். அதற்கு முன்பே, 1970-களில் பத்து பெரண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்தபோது, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் சீருடை அணிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறத் தொடங்கினர்.

ஒரு கணக்கிற்காகக் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்க. தோட்டத்தில் இருந்தபோது கணவனும் மனைவியும் சேர்ந்து மாதம் 2,000 ரிங்கிட் பெற்றனர் என வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வாடகையில்லை. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்தில். வீட்டின் பின்னே முருங்கையும் கத்தரியும் நாலு கோழியும். அக்குடும்பம் நகரத்தின் மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்கின்றது. இருவரும் தொழிற்சாலைக்குப் போய் 2,900 ரிங்கிட் பெறுகின்றனர். வாடகை 600, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 300, மோட்டார் சைக்கிள் தவணையும் எண்ணெயும் 250, பள்ளி வேனுக்கு 100. கையில் எஞ்சுவது 1,650. கீரையும் முட்டையும் அதிலேதான் வாங்கவேண்டும். 2,705 ரிங்கிட் கோட்டை வைத்துப் பார்த்தால் தோட்டத்திலே ஏழையாயிருந்த குடும்பம் நகரத்திலே வறுமையினின்று மீண்டுவிட்டது. அடுப்பங்கரையில் நிற்கும் தாயைக் கேட்டால் வேறு கூறுவாள்.

புள்ளிவிவரத் துறையினர் இதனை அறியாதவரல்லர். வேலை கொடுப்பவர் இலவசமாய்த் தரும் பொருளுக்கும், சொந்த வீட்டில் குடியிருப்பதற்கும் ஒரு மதிப்பிட்டு வருமானத்தோடு சேர்க்கும் முறை உண்டு. ஆயினும் ஓர் ஆயாக் கொட்டகைக்கு என்ன விலை போடுவது? தீ விபத்தானால் ஓடிவரும் அடுத்த லயத்துக்காரனுக்கு என்ன விலை? இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தோட்டத்து வாழ்வைப் பொன்னாக்கிப் பேசுவோர் அதை மறந்துவிடுகின்றனர். அந்த இலவச வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. 55 வயதில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. முப்பது ஆண்டு உழைத்து, சேமநிதியைக் கையில் வாங்கி, முதன்முறையாக வாடகைக்கு வீடு தேடிய முதியவர்கள் மலாக்கா மாவட்டங்களில் ஒருவர் இருவரல்லர். குழந்தைப் பருவம், பிள்ளை வளர்க்கும் காலம், முதுமை ஆகிய மூன்று பள்ளங்களில் தொழிலாளி வறுமைக்குள் விழுகின்றான் என்று ரவுன்றி கூறியதில் மூன்றாவது பள்ளம் தோட்டத்தில் மிக ஆழமானது.

வருமானத்தின் இன்னொரு சிக்கல் பருவம். மழை பெய்தால் பால் வெட்ட இயலாது. இலையுதிர் மாதங்களில் பால் குறையும். நல்ல மாதத்தில் கோட்டுக்கு மேலும் கெட்ட மாதத்தில் கீழுமாக இருக்கும் குடும்பத்தை, ஆய்வாளர் எந்த மாதத்தில் வந்து கேட்டார் என்பதைப் பொறுத்து ஏழை என்றோ அல்லவென்றோ எழுதுவது பிழையாகும். ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுப்பது அதற்குப் பரிகாரம். கெட்ட மாதத்தில் சீனன் கடையில் ஏறிய கடன் அவ்வகுத்தலில் மறைந்துவிடும்.

கைலியை எண்ணியவர்

பணத்தை விட்டு வேறு பொருளால் வறுமையை அளக்கலாமா? மலேசியப் பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் இதற்கு ஓர் அருமையான வழி கண்டார். கிராமத்தவரிடம் வருமானம் கேட்டால் நேரான விடை வராது. ஆனால் வீட்டில் கைலி எத்தனை என்று எண்ணலாம். கைலிகளின் தொகையை, ஒரு வயதுக்கு மேற்பட்ட குடும்பத்தாரின் தொகையால் வகுத்து அவர் பெற்ற எண்ணே 'சாரோங் குறியீடு' எனப் புகழ்பெற்றது. ஆளுக்கு ஒரு கைலி கூட இல்லாத வீடு வறிய வீடு. ஆணும் பெண்ணும் உடுப்பது; குழந்தைக்குத் தொட்டில் கட்டுவது; குளிருக்குப் போர்த்துவது; இறந்தால் மூடுவதும் அதுவே. நகைப்புக்கிடமாகத் தோன்றும் இக்குறியீடு, ஆயிரம் வினாக்கள் கொண்ட படிவத்தைவிட ஒரு காலத்துக் கிராமத்துக்கு மெய்யாக இருந்தது. கைலி மலிந்துவிட்ட இன்று அது உதவாது.

ஐக்கிய நாட்டு வளர்ச்சித் திட்டம் 2010 முதல் வெளியிட்டுவரும் பன்முக வறுமைக் குறியீடு இதே எண்ணத்தின் வளர்ச்சி எனலாம். ஊட்டம், குழந்தை இறப்பு, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பிடம், குடிநீர், மின்சாரம், வீடு, உடைமை முதலிய 10 குறிகளைப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு குறை உள்ளவரை ஏழையென அது கொள்கின்றது. மலேசியாவும் 11-ஆவது மலேசியத் திட்டத்தின்போது வருமானத்தையும் சேர்த்துத் தன் சொந்தக் குறியீட்டை வகுத்தது. குழாய் நீரும் மின்சாரமும் இல்லாத லயங்களை இவ்வகைக் கோல் பிடித்துவிடும். தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டுமென்ற சட்டம் 1990-இல் இயற்றப்பட்டதன் காரணமும் இதுவே. ஆனால் இன்று நகரத்து அடுக்குமாடியில் குழாயும் விளக்கும் பள்ளியும் உண்டு. அங்கே நிலவும் வறுமை இக்கோலின் கண்ணில் படாது.

அதற்கு வேறு கோல் வேண்டும். ஆடம் ஸ்மித் 1776-லேயே, தம் நாட்டில் நாட்கூலிக்காரனும் சணல்நூற் சட்டையில்லாமல் வெட்கமின்றி வெளியே வரமுடியாது என்று எழுதினார். சட்டை இல்லாவிட்டால் உயிர் போகாது; மானம் போகும். தீபாவளிக்குப் பிள்ளைக்குப் புதுத்துணி, செங் சன்னாசிமலை மாசிமகத்துக்குப் போய்வரச் செலவு, உறவினர் கலியாணத்தில் மொய் என்பனவெல்லாம் இவ்வகையின. இங்கிலாந்துப் பேராசிரியர் பீட்டர் டவுன்சென்ட் 1979-இல் இதனைக் கோட்பாடாக்கினார்: சுற்றியுள்ளோர் வழக்கமாக வாழும் வாழ்வில் பங்குகொள்ள முடியாதவனே ஏழை. ஐரோப்பிய நாடுகள் நடுக்குடும்ப வருமானத்தில் 60 விழுக்காட்டை எல்லையாகக் கொள்கின்றன. மலேசியா பாதியைக் கொள்கின்றது. 2019-இல் நாட்டின் நடுக்குடும்ப வருமானம் 5,873 ரிங்கிட். அதன் பாதிக்குக் கீழிருந்த குடும்பங்கள் நூற்றுக்கு 16.9. முன்னே கூறிய 5.6-க்கும் இதற்குமுள்ள இடைவெளியிலேதான் தோட்டம் விட்டு வந்த குடும்பங்கள் பல வாழ்கின்றன என்று கருத இடமுண்டு.

தலையை எண்ணுவது போதுமா என்ற கேள்வியையும் அமர்த்திய சென் 1976-இல் எழுப்பினார். 2,700 ரிங்கிட் பெறுபவரும் 1,200 பெறுபவரும் கோட்டுக்குக் கீழே என்றால், இருவரும் ஒரே ஏழையாக எண்ணப்படுகின்றனர். மேலே உள்ளவருக்கு 10 ரிங்கிட் கொடுத்துக் கோட்டைத் தாண்டச் செய்துவிட்டால் வறுமை குறைந்ததாகக் கணக்கு மகிழும். கீழே உள்ளவர் கிடந்த இடத்திலேயே கிடப்பார். அரசாங்கங்கள் இவ்வழியில் இழுக்கப்படுவது இயல்பு.

கோட்டின் இருமருங்கும்

குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 2013-இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2022-இல் 1,500, 2025-இல் 1,700 என உயர்ந்துள்ளது. இதனை 2,705 என்ற சராசரிக் கோட்டுடன் வைத்துப் பார்க்கவேண்டும். ஒருவர் மட்டும் குறைந்தபட்சச் சம்பளம் பெறும் சராசரிக் குடும்பம் சட்டப்படி கூலி பெற்றும் ஏழைக் குடும்பமே. இருவர் பெற்றால் 3,400, ஏழையல்லர். ஆகவே ஒரு குடும்பம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை மனைவி வேலைக்குப் போகிறாளா என்பதே பெரிதும் தீர்மானிக்கின்றது. தோட்டத்திலே ஆயாக் கொட்டகை இருந்தமையால் அது ஒரு கேள்வியாகவே எழவில்லை. நகரத்தில் இரண்டாம் குழந்தை பிறந்ததும் எழுகின்றது.

எந்தப் பக்கம் நிற்கின்றோம் என்பது வெறும் பெயரன்று. வீடுவீடாய்க் கேட்கும் வருமான ஆய்வு ஒரு மாதிரிக் கணக்கே; அது விகிதத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. உதவி பெறுவதற்கு இ-காசிஹ் எனப்படும் தேசியப் பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர் பதிந்து, விசாரிக்கப்பட்டு, ஏற்கப்படவேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர், வீடு மாறிக்கொண்டே இருப்பவர், மகனின் சம்பளச் சீட்டு வீட்டுக் கணக்கில் விழுந்து கோட்டைத் தாண்டியவர் ஆகியோர் வெளியே நின்றுவிடுவர். மகன் தன் பணத்தைத் தாயிடம் தருகின்றானா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

கணக்கில் அடியோடு வராதவரும் உளர். மலேசியக் குடும்ப வருமான எண்கள் குடிமக்களைப் பற்றியவை. 1969-இல் வேலைப் பெர்மிட் முறை வந்தபோது சிவப்பு அடையாளச் சீட்டுடன் நின்ற தமிழர் பல்லாயிரவர் ஊர் திரும்பினர். தங்கியவருள் சிலரின் பிள்ளைகள் இன்னும் பத்திரமின்றி உள்ளனர். மலாக்காத் தோட்டங்களின் லயங்களிலும் விடுதிகளிலும் இப்பொழுது இருப்போர் பெரும்பாலும் வங்காள தேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் ஆவர். செம்பனைக் குலை அறுத்துத் தள்ளுவண்டியில் சுமப்பவர் அவரே. நூறாண்டுக்கு முன் தமிழர்க்குப் பட்டியல் போட்டு 50 காசு என்று எழுதினர். இவர்கள் ஊருக்கு அனுப்பும் பணமும், ஏஜெண்டுக்குக் கட்டவேண்டிய கடனும், கடைசியில் தட்டில் எஞ்சும் சோறும் 5.1 என்ற அந்த எண்ணுக்குள் இல்லை.